பெட்ரோல், டீசல், ஆண்டனியின் காது

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக்குக் கார் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கார் வாங்கியவள் என் மனைவி பிரிசில்லா. பார்த்துச் சொல்ல வந்தவர் ஆண்டனி. நான் குடையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹார்ன் எங்கே இருக்கிறது என்பதுதான். அதனால் இதை என் கதையாக எழுதாமல் ஆண்டனியின் கதையாக எழுதுகிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஐந்தாம் பகுதியில் சொல்கிறேன், தைரியம் இருந்தால்.

முதல் வரிக்குப் பட்ட பாடு:

ஆண்டனி விடியற்காலையில் எழுந்து — (இப்படித் தொடங்கினால் அவர் பல் விளக்குவதையும் எழுத வேண்டிவரும்.)

பெங்களூர் மழையில் ஒரு பழைய சொகுசுக் கார் நனைந்தபடி — (விளம்பரம்.)

ஆண்டனியின் காது — (அவசரம் வேண்டாம்.)

கடைசியில் நின்றது இது: ‘ஆண்டனி சரின்னு சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்’ என்பது எங்கள் பெங்களூர் காக்ஸ் டவுனில் பழைய கார் வாங்குகிறவர்களின் வேதவாக்கு. இலக்கியமாக இல்லை. ஆனால் உண்மை, அன்றுவரை.

2

பிரிசில்லா அல்சூரில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு ஒரு ஜெர்மன் காரின்மேல் கண். (எந்தக் கம்பெனி என்று எழுத மாட்டேன். வக்கீல் வைக்க வசதியில்லை.) அதைப் புதிதாக வாங்க ஏழு ஜென்மம் வேண்டும், கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. ஆனால் பத்து வருஷம் ஓடிய பிறகு அதே கார் ஒரு சின்னக் காரின் விலைக்கு இறங்கி வந்துவிடும் என்று அவள் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு இல்லை.

அந்தக் கார் மூன்று எஞ்சின்களில் வந்திருந்தது. மாதிரித் தேர்வுத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அவள் மூன்று கட்டம் போட்டாள். ஆறு சிலிண்டர் பெட்ரோல்: ஓட்டினால் சொர்க்கம், பெட்ரோல் பங்கில் நரகம். சிவப்பு மையால் ஒரே கோடு. டீசல்: இழுவை அபாரம், மைலேஜும் தரும். ஆனால் அதன் புகை வடிகட்டிக்கு அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர். அதிலும் பாதி நேரம் சிக்னலில் நிற்கிற நேரம். அந்த ஓட்டத்துக்கு வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நாலு சிலிண்டர் பெட்ரோல்: குறுகிய தூரத்துக்கு இதுதான் பொருத்தம். ஆனால் இந்த எஞ்சினுக்கு ஒரு வியாதி உண்டு. உள்ளே ஓடும் டைமிங் செயின் வயதாக ஆகத் தளரும். ஒருநாள் வழுக்கினால் எஞ்சினே போய்விடும்.

எஞ்சின் போனால் இன்னொன்று வாங்கிப் போட எங்களிடம் எதுவும் இல்லை. அவள் இதுவரை சேர்த்ததெல்லாம் இந்தக் காருக்கே சரி.

வியாதியை முன்கூட்டிக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த எஞ்சினைக் காலையில் கிளப்ப வேண்டும். முதல் இரண்டு விநாடியில் மெல்லிசாக ஒரு கடகடப்பு வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எண்ணெய் ஏறிவிடும். எந்தக் கெட்ட எஞ்சினும் நல்ல பிள்ளையாகிவிடும்.

அந்த இரண்டு விநாடிக்காகத்தான் ஆண்டனியைக் கூப்பிட்டாள்.

3

ஆண்டனி கோலார் தங்கவயலில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஜோகுபாளையத்து ஒர்க் ஷாப் ஒன்றில் சேர்ந்தார். இப்போது ஐம்பத்தெட்டு. பழைய கார் வாங்குகிறவர்கள் கூட்டிப் போனால் போவார், பார்த்துச் சொல்வார்; இப்போதைக்கு அதுதான் பிழைப்பு. தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்து வாங்குகிற மாட்டின் வாயைக் கிழித்தே பார்க்கலாம் என்பது அவர் கொள்கை.

முதலில் பானட்டில் உள்ளங்கையை வைப்பார். விற்கிறவன் முன்கூட்டியே கிளப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறானா என்று கை சொல்லிவிடும். பிறகு முழ நீள ஸ்க்ரூடிரைவர். அதன் முனை எஞ்சினில், பிடி காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரிதான்.

போன வருஷம் ஈஸ்டர் பூசையில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. பாடகர் குழுவில் பெண்கள் வாயசைக்கிறார்கள், ஆர்கனின் அடிநாதம் மட்டும் வருகிறது. பக்கத்தில் இருந்த மனைவி தாயம்மாவிடம் இன்றைக்கு ஏன் இவர்கள் மெதுவாகப் பாடுகிறார்கள் என்று கேட்டார். தாயம்மா அவர் காதை ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் அவருடைய போனை வாங்கி, மணி அடிக்காமல் அதிர்கிறபடி மாற்றி, சட்டைப் பையில் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

(இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாது. போன் அதிர்வதை மட்டும் பார்த்தேன். மற்றதெல்லாம் நானே கட்டிய கதை. தாயம்மாவை நான் பேசவைக்காததற்குக் காரணம், அவர்கள் வீட்டுக்குள் நான் போனதே இல்லை.)

(இன்னொன்று. இந்தக் கதையில் ஒரு பழமொழியைப் பயன்படுத்துவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். சங்கு சம்பந்தப்பட்டது. உங்களுக்கே தெரியும்.)

4

பழைய மெட்ராஸ் ரோட்டை ஒட்டி, பழைய கார் விற்கிற ஒரு யார்டு. கிருஷ்ணப்பா என்பவருடையது. ஒரே மாடல், ஒரே சாம்பல் நிறம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கார்கள்: ஒன்று டீசல், மற்றது நாலு சிலிண்டர் பெட்ரோல். காலை ஏழு மணி. ஆண்டனி இரண்டு பானட்டிலும் கை வைத்தார். இரண்டும் ஜில்லென்று இருந்தன. கிருஷ்ணப்பா யோக்கியர்தான்.

டீசலைக் கிளப்பினார்கள். ஆண்டனிக்கு அது பாதத்தில் வந்தது, முழங்காலில் ஏறியது, ஸ்க்ரூடிரைவர் வழியாக மண்டைக்குள் ஒவ்வொரு அடியாக விழுந்தது. எதுவும் தப்பவில்லை. பழைய நண்பன் தோளில் கை போட்டதைப் போல அவருக்குக் கண் கலங்கியது. நல்ல எஞ்சின். இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

(இந்த இடத்தில் ஒரு வரைவு இருந்தது. அதில் ஆண்டனி, ‘டீசலே எடுங்க டீச்சர்’ என்று சொல்லிவிடுகிறார், தனக்குக் கேட்கிற எஞ்சின் அது ஒன்றுதான் என்பதற்காக. மூன்று பக்கம் ஓடியது. நன்றாகவே வந்திருந்தது. கிழித்துப்போட்டேன். டீச்சரின் மூன்று கிலோமீட்டர் அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சொல்கிற ஆள் இல்லை அவர்.)

பிறகு பெட்ரோல். கிருஷ்ணப்பா சாவியைத் திருப்பினார். ஆண்டனி கண்ணை மூடினார். காற்றாடி சுற்றுவது முகத்தில் பட்டது. எஞ்சின் ஓடுகிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரை இடம் மாற்றினார். மறுபடி மாற்றினார். இடது காதுக்குக் கொண்டுபோனார். நாற்பது வருஷம் இதே காதால் சோறு தின்றவர். அவருக்குப் பயமாக இருந்தது. நிமிர்ந்து நின்று, மறைக்காமல் சொன்னார்:

“எனக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர்.”

இங்கே கதையை நிறுத்தி இலக்கணம் பேச வேண்டியிருக்கிறது. கேட்கவில்லை என்றால் தமிழில் குறை காரிலா காதிலா என்று அந்தச் சொல் சொல்லாது. செவிடரும் அதைத்தான் சொல்வார், சொகுசுக் காரைப் புகழ்கிறவரும் அதைத்தான் சொல்வார். பத்து வருஷம் ஓடிய எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது.

பிரிசில்லாவின் முகம் மலர்ந்துவிட்டது.

“நோடி மேடம், அவரே ஹேள்பிட்ரு,” என்றார் கிருஷ்ணப்பா, பாருங்கள், அவரே சொல்லிவிட்டார் என்று கன்னடத்தில். “சவுண்டே இல்ல.”

5

சொல்கிறேன் என்று சொன்னேன் அல்லவா.

எனக்குக் கேட்டது. டப்பாவில் நாலு புளியங்கொட்டையைப் போட்டு ஆட்டியதுபோல, இரண்டு விநாடி. கேட்டதும் ஆண்டனியைப் பார்த்தேன். அவர் முகத்தில் சலனம் இல்லை. ஆண்டனியே கண்டுகொள்ளாத சத்தம் ஒரு சத்தமா என்று விட்டுவிட்டேன். இதுவரைக்கும் என்னை மன்னிக்கலாம்.

பிரிசில்லா காகிதங்களில் கையெழுத்துப் போட உள்ளே போனாள். ஆண்டனி என் முழங்கையைப் பிடித்து யார்டின் வாசலுக்குக் கூட்டி வந்தார். அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது, எடுக்கவில்லை.

“சார், நான் சொன்னது வண்டிக்கு இல்ல. என் காதுக்கு. டீச்சர் வேற மாதிரி எடுத்துக்கினாங்க. அவங்க மூஞ்சப் பாத்ததும் எனக்கு வாய் வரல. நீங்க சொல்லிடுங்க.”

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

ஏன் என்பதற்கு என்னிடம் இரண்டு வரைவுகள் இருக்கின்றன. ஒன்று: சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் காக்ஸ் டவுன் முழுக்கத் தெரிந்துவிடும், அப்புறம் ஆண்டனியை யார் கூப்பிடுவார்கள்? இது அழகான வரைவு. என்னை நல்லவனாகக் காட்டுகிறது. இரண்டு: அவள் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அதைக் கெடுக்கிறவன் நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். கோழைத்தனம். முதலாவதை ஊருக்குச் சொல்லலாம். இரண்டாவதுதான் நடந்தது.

கார் வீட்டுக்கு வந்தது. ஆண்டனி என்னிடம் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் சொல்லியிருப்பேன், டீச்சர் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார் என்று நம்பினார். தெரு முனையில் பார்த்தால் என்னைக் கும்பிடுவார். ஒவ்வொரு கும்பிடுக்கும் எனக்கு உடம்பு கூசியது.

6

இப்போது நான்கு மாதம் ஆகிறது. இரண்டு விநாடி ஐந்தாகிவிட்டது. முந்தாநாள் பிரிசில்லாவுக்கும் கேட்டுவிட்டது. அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியரைத்தான் கூப்பிடச் சொன்னாள்: ஆண்டனியை.

எழுத்தாளனாக எனக்கு இப்போது சில முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அ) ஆண்டனி வரவில்லை. ஊருக்குப் போய்விட்டார். (சோம்பேறி முடிவு.)

ஆ) ஆண்டனி வருகிறார், காதில் புது மிஷினோடு. எல்லாம் கேட்கிறது. (அது தாயம்மா எடுக்க வேண்டிய முடிவு. அவர்கள் வீட்டுக்குள் போனதில்லை என்று சொன்னேனே.)

இ) செயின் அறுந்து

இதை முடிக்க மாட்டேன். கார் எங்களுடையது.

7

இன்று காலை ஏழு மணி. ஆண்டனி வந்துவிட்டார். பானட் திறந்திருக்கிறது. பிரிசில்லா கிளப்பினாள். எனக்குக் கேட்டது, எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவள் கதவைத் திறந்து இறங்கி வந்தாள்.

“கேக்குதாண்ணா?”

ஆண்டனி ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் துணியால் துடைத்தார். அந்தக் கேள்வியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தெரிந்தவர் கேட்கிற கேள்வி அல்ல அது. நான்கு மாதமாகத் தன் காதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசவில்லை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. என்னைப் பார்த்தார். கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் எழுதுவதற்கு எளிதாக இருந்திருக்கும்.

“சாரக் கேளுங்க டீச்சர்,” என்றார்.

பிரிசில்லா என் பக்கம் திரும்பிவிட்டாள். கணக்கு டீச்சர், விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் போட மாட்டாள், படிகளையும் காட்டச் சொல்வாள். கேட்கிறது என்றால் எப்போதிலிருந்து என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. கேட்கவில்லை என்றால் அவள் சேர்த்ததெல்லாம் எங்காவது ஒரு சிக்னலில் போகும். நான் சொல்லும் அந்தப் பொய்யை ஆண்டனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் இந்த வரியோடு எழுந்துகொள்கிறேன். என் இடத்தில் நீங்கள் நில்லுங்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும், உங்கள் காதும் நன்றாக இருக்கிறது.

அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.