செலெய்னா பாட மாட்டாள்

செலெய்னாவின் ஒரே கறவைப் பசுவை இளஞ்சிங்கம் அடித்துப்போட்ட மறுநாள், விடிந்தும் விடியாததுமாக அவளுடைய கொழுந்தன் கொய்னெட் ஐந்து இளவட்டங்களோடு முள்வேலி வாசலில் வந்து நின்றான். எல்லார் கையிலும் ஈட்டி, உடம்பெல்லாம் செம்மண் பூச்சு. அண்ணன் செத்தபிறகு அந்த வீட்டுக்கு ஆம்பளை தான்தான் என்கிற நினைப்பு அவனுக்கு எப்போதும் உண்டு. சிங்கத்தின் பிடரிமயிரோடு வருகிறோம், நீதான் முன்னால் நின்று பாட வேண்டும் என்றான்.

அவள் மாட்டேன் என்றாள்.

அது சின்ன விஷயமில்லை. எங்கள் மாசாய் ஊர்களில் சிங்கத்தைக் குத்தியவனைப் பெண்கள் எதிர்கொண்டு பாடினால்தான் அவனுக்குப் பேர். பாட்டு இல்லாவிட்டால் அவன் கொன்றது வெறும் ஒரு மிருகம். மாட்டுக்காரியே வாய் திறக்காதபோது மற்றப் பெண்கள் திறப்பார்களா?

கொய்னெட் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தான். அந்த இளஞ்சிங்கத்துக்குப் பிடரிமயிர் முளைத்துவிட்டது, கிழட்டுச் சிங்கம் துரத்திவிட்டிருக்கும், நாதியற்றுத் திரிகிற பயல் இனி மாட்டைத்தான் தேடுவான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். செலெய்னா ஒப்பவில்லை. தண்ணீருக்குப் போகிற வழியில் அந்தச் சிங்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவள் அவள். கிழவனோடு சேர்ந்து திரிந்த கூடப்பிறந்த சிங்கம் போன மழைக்காலத்தில் செத்துப்போனது. அதிலிருந்து கிழவன் இந்த இளையவனை அடிக்கிறான், உறுமுகிறான், ஆனால் கூட்டத்தை விட்டு விரட்டுவதில்லை.

வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு முன்னால் நடந்தாள்.

புதர்மேட்டில் பதுங்கிப் பார்த்தார்கள். கிழவன் ஒரு வரிக்குதிரையைத் தின்றுகொண்டிருந்தான். இளையவன் கிட்டே வந்தான். முகத்தில் ஓங்கி ஓர் அறை விழுந்தது.

"பாத்தியா அக்கா, வெரட்டிட்டான்," என்று இளவட்டங்களில் லங்கிசா என்கிற பையன் சிரித்தான்.

இளையவன் ஓடவில்லை. வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து, மறுபக்கம் வந்து வாய் வைத்தான். கிழவன் உறுமிக்கொண்டே தின்றான். அப்போது மலைப்பக்கத்திலிருந்து வேற்றுச் சிங்கங்களின் கர்ஜனை கேட்டது. இரண்டு குரல். கிழவன் எழுந்து பதில் கொடுத்தான். இளையவனும் அவன் தோளை ஒட்டி நின்று கர்ஜித்தான். கிழவன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் அடங்கிப்போனது.

"இவனக் குத்திட்டா கெழவன் ஒத்த ஆளு," என்றாள் செலெய்னா. "அந்த ரெண்டு பேரும் எறங்கிருவானுங்க. குட்டிங்கள எல்லாம் கொன்னுட்டு இங்கயே தங்கிருவானுங்க. நம்ம வேலிக்கும் நாய்க்கும் பயந்து பழகாத பயலுங்க. அப்புறம் ஒரு தொழுவத்துல மாடு மிஞ்சாது."

"ஒன் மாட்டத் தின்னவன் அண்ணி அவன்," என்றான் கொய்னெட்.

"ஆமா, தின்னான். எனக்கு வயிறு எரியலன்னு நெனச்சியா? அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கு. ஆனா அது என் மாடு, என் கோவம். அத வச்சு நீ பேரு வாங்காத. குத்தணும்னா போய்க் குத்து. வந்து ஒன் பெருமய நீயே பாடிக்க."

லங்கிசா ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு, தான் பாடினால் பெற்ற தாயே எழுந்து போய்விடுவாள் என்றான். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஈட்டியை இறக்கினார்கள். கொய்னெட்டுக்கு அவமானம் தாங்கவில்லை.

"சரி, விட்டுட்டோம். நாளைக்கு ஒன் புள்ளைங்களுக்கு என்னத்தக் குடுப்ப? சிங்கத்துப் பாலா?"

"எனக்காக உசுரக் குடுக்க வந்தவந்தான நீ? ஒன் செவலப் பசு நல்லாக் கறக்குது. அதக் குடு."

ஐந்து பேரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். சிங்கத்தைக் குத்தத் துணிந்தவனுக்கு, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் செலெய்னா நேராக அவன் தொழுவத்துக்குப் போனாள். யாரிடமும் கேட்காமல் செவலையை அவிழ்த்துத் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.