மலை பெய்தது

எனக்குக் கண் தெரியாது. கணினி வாசிப்பதைக் காதால் கேட்டு ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துகிறேன். அந்தக் குரலுக்கு ழகரம் வராது. மழையையும் மலை என்றே வாசிக்கும். ஒரு கதை முழுவதையும் எழுத்தெழுத்தாகவா கேட்க முடியும்? போன கதையில் 'இடி இடித்து மலை பெய்தது' அச்சுக்கே போய்விட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக ஆசிரியர் தேவிப்பிரியா சொல்லிவிட்டார்.

சும்மா விடுவேனா? அந்தக் குரலோடு வரும் கணினி இயங்குதளத்தைச் செய்பவர்களை எழுதி எழுதியே நச்சரித்தேன். திருத்திவிட்டார்கள்! ஆனால் அந்தத் திருத்தம் சோதனைப் பதிப்பில்தான் இருக்கிறது. எல்லோரும் நம்பிப் பயன்படுத்தும் ஸ்டேபிள் பதிப்புக்கு வர அடுத்த வருஷம் ஆகுமாம். சோதனைப் பதிப்பு எப்போது படுத்துக்கொள்ளும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாது. குரல் போனால் நாளை கொடுக்க வேண்டிய கதை அம்பேல்.

என் கணவர் கஜபதி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மிஷின் ஓட்டுகிறவர். "ஓட்ற மிஷின்ல கைய வெக்காத சுதா. ஸ்டேபிளே போட்டுக்கோ. கீற குரலும் பூட்ச்சினா இன்னா பண்ணுவ?"

"அதுக்காக மலையில நனையச் சொல்றீங்களா?"

ஆனது ஆகட்டும் என்று சோதனைப் பதிப்பையே ஏற்றினேன். கணினி அணைந்து மறுபடி எழுந்தது. சத்தமே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன்..."

"திட்டறது அப்புறம். திரையில என்ன இருக்கு, பாருங்க!"

"குரல் வோணுமா, வாணாமான்னு கேட்டுகினு கீது."

"வேணும்னு அழுத்துங்க!"

"வணக்கம்" என்றது கணினி. 'மழை' என்று தட்டினேன். "மழை." 'மலை' என்று தட்டினேன். "மலை." கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

உடனே நாளைய கதையைத் திறந்தேன். முதல் பக்கத்திலேயே, 'ஊருக்குப் போகும் வலியில் அவனைப் பார்த்தாள்.' வலியா? மாட்டினாயா! பழைய குரலாக இருந்தால் இதுவும் என் காதைத் தாண்டிப் போயிருக்கும். வழியாக்கினேன். இனி என் வேலையில் யாரும் கைவைக்க முடியாது.

கஜபதிக்கும் குஷி தாங்கவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய் வந்து என் கையில் எதையோ திணித்தார். "இந்தா, ஸ்வீட்டு இல்ல. இந்த வாயப்பயத்த துண்ணு!"

"நீங்க மட்டும் ஸ்டேபிள் பதிப்பாவே இருங்க" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தின் தோலை உரித்தேன்.