வியாழக்கிழமை திறக்க வேண்டிய தட்டுகள்

ஏர்பேட்டில் ஒரு நர்சரிக்காரர் பச்சை வலைக் கூடாரத்துக்குள் நாற்று வளர்ப்பதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து உதயாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளுக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை. விடிவதற்குள் நகரியில் ரயிலேறி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள். வாரத்தில் கிடைக்கிற ஒரே லீவு நாளையும் கொண்டுபோய் மொட்டைமாடியில் கொட்டினாள். வலைக் கூடாரத்துக்கு எங்கே போவது? அப்பன் முனிரத்தினம் பவர்லூம் ஓட்டுகிறவன். தறியில் பழுதாகி ஒதுக்கிய துணி வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. பெயிண்ட் டின்களில் மண்ணைக் கொட்டி நாலு மூங்கிலை நிறுத்தி, அந்தத் துணியையே பந்தலாகக் கட்டிவிட்டாள்.

தெருவே சிரித்தது. "இன்னாடி, செடிக்குக் கல்யாணம் பண்றியா?" என்று அம்மா தாட்சாயணியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பெல்லாம் பிச்சாட்டூர் ஆதிநாராயணன் போன் செய்கிறவரைதான். ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த அந்த மனிதர், முதலில் கத்தரி நாற்று கொடு, நன்றாக வந்தால் மிளகாயும் உன்னிடமே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே உதயா மனசுக்குள் லாட்ஜ் வேலையைப் பாதி விட்டுவிட்டாள்.

கறுப்புக் குழித்தட்டுகளில் தேங்காய்நார்த் தூளை நிரப்பி, குழிக்கு ஒரு விதையாகப் போட்டாள். தண்ணீர் தெளித்துத் தட்டின் மேல் தட்டாக அடுக்கி, காற்றுப் புகாமல் தார்பாயால் மூடி, சுற்றிலும் செங்கல் வைத்தாள். உள்ளே இருக்கிற புழுக்கத்தில்தான் விதை சீக்கிரம் முளைக்கும். முளை தெரிந்ததும் தட்டுகளைப் பிரித்து வெளிச்சத்தில் பரப்பிவிட வேண்டும். சூட்சுமம் எல்லாம் அதில்தான் இருந்தது.

"வியாழக்கிழம காலைல நா டூட்டிக்குப் போய்க்கினு இருப்பேன். நீதாம்மா தொறந்து வெக்கணும். மறந்துட்டு அப்படியே வுட்டன்னா, இருட்டுல வெள்ளையா நீண்டுகினே பூடும். அப்பறம் ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"உன்னப் பெத்து வளத்தவளுக்கு நீ சொல்லித் தரியா? போ, போய் சோறு துன்னு."

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அவள் ஸ்டேஷனுக்கு ஏறிய ஷேர் ஆட்டோவை ஒரு லாரி அடித்துத் தள்ளியது. கூட இருந்தவர்களுக்குக் கை கால் முறிந்தது. உதயாவை மட்டும் ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்தார்கள். புதன்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை பெண்கள் சூழ்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது, தாட்சாயணி சடாரென்று எழுந்தாள். யாரோ கூப்பிட்டது போல விறுவிறுவென்று மாடிப்படிக்குப் போனாள். முனிரத்தினத்தின் அக்கா தேவசேனா பின்னாலேயே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே விழுந்து வைக்கப் போகிறாளோ என்ற பயம் அவளுக்கு.

"எங்க போற தாட்சா?"

"நாத்த தொறக்கணும் அண்ணி. இன்னிக்கித்தான் தொறக்கணும்னு சொல்லிட்டுப் போச்சி."

"புத்தி கெட்டுப் பூட்சா உனக்கு? தீட்டோட போய் செடியத் தொடுவியா? பச்சப் பயிரு, கை பட்டதுமே கருகிப்பூடும். காரியம் முடியட்டும்."

தேவசேனா கெட்டவள் இல்லை. இரண்டு நாளாகத் தூங்காமல் தம்பி பெண்டாட்டியை மடியில் போட்டுக்கொண்டு கிடந்தவள். அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைத்தான் சொன்னாள். சாவு விழுந்த வீட்டார் காரியம் முடிகிறவரை கொடியில் பூப் பறிக்க மாட்டார்கள், தொட்டிச் செடிக்குத் தண்ணீர்கூட விட மாட்டார்கள்.

தாட்சாயணி புருஷனைப் பார்த்தாள். "ஒரு தார்பாயத்தான்யா எடுக்கணும். நீயாவது சொல்லேன்."

முனிரத்தினம் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "அதுவே பூட்சி. செடி இன்னாத்துக்கு?"

அவளுக்கு ஆத்திரம் வந்தது. அண்ணியைத் தள்ளிவிட்டு மேலே ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தன் கையைப் பார்த்தாள். முந்தின நாள் மகளைக் குளிப்பாட்டிய கை. இந்தக் கை பட்டு அவள் போட்ட விதை கருகிவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் அவளைப் படியிலிருந்து இறக்கியது. மூடியிருந்தாலாவது உயிரோடு இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் யார் யாரோ வந்தார்கள், அழுதார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னிகாதான் வேளாவேளைக்குக் காப்பியும் சாதமும் ரசமும் கொண்டுவந்து வைத்து, வற்புறுத்திச் சாப்பிட வைத்தாள். வெயில் ஏறும்போதெல்லாம் தாட்சாயணி அண்ணாந்து மாடியைப் பார்த்தாள். நடு வெயிலில் தார்பாய்க்குள் எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் உதயாவின் போன் அடித்தது. ஆதிநாராயணன். தாட்சாயணி எடுத்தாள்.

"பாப்பா டூட்டிலயா கீது? நாத்து எப்படிம்மா கீது?"

விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"வளந்துகினு கீதுங்க."

"சந்தோசம் தாயி. பாப்பா கெட்டிக்காரி," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அன்று முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தாட்சாயணி உட்கார்ந்திருந்தாள். மாடியில் உதயா போட்டது வளர்ந்துகொண்டிருக்கிறது. அது வளர்கிறவரைக்கும் உதயா ஒரேயடியாகப் போய்விடவில்லை. பைத்தியக்கார நினைப்புதான். அந்த வீட்டில் அவளுக்கு வேறென்ன இருந்தது?

காரியம் முடிந்தது. வீட்டைக் கழுவினார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்ட ஈரத்தோடேயே தாட்சாயணி மாடிக்கு ஓடினாள். செங்கல்லைத் தள்ளித் தார்பாயை இழுத்தாள். குப்பென்று புளித்த வாடை அடித்தது.

விதை பழுதில்லை. அத்தனையும் முளைத்திருந்தன. முளைத்து, வெளிச்சத்தைத் தேடித் தேடி, வேகவைத்த சேமியா போல வெள்ளை வெளேரென்று நீண்டு, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து பின்னிக் கிடந்தன. மேல்தட்டின் கனம் அமுக்கிய இடத்தில் வளைந்து, தட்டுகளின் இடுக்கு வழியாக வெளியே வரப் பார்த்திருந்தன. நுனியில் எள்ளளவு இலை, மஞ்சளாக. அடித்தட்டுகளில் பூஞ்சணம் பஞ்சு போலப் படர்ந்திருந்தது.

அவள் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பந்தலின் கீழே பரப்பினாள். தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொன்றாக நிமிர்த்தி, அடியில் தூளை அணைத்துப் பார்த்தாள். விரலை எடுத்ததும் சாய்ந்தன. வெயில் ஏற ஏற, கண்ணெதிரே, ஈர நூல் காய்வது போலச் சுருங்கிப் போயின.

மேலே வந்த முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தேவசேனா எட்டிப் பார்த்தாள். "பாத்தியா, தானாவே பூட்சி. நல்லவேள நீ தொடல. தொட்டிருந்தா உம்மேலதான் பழி வந்திருக்கும்," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

பாத்திரங்களை எடுத்துப்போக வந்த கன்னிகாவும் மாடிக்கு வந்தாள். தட்டுகளைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, மூடியேவா கெடந்துச்சி?"

"தீட்டுன்னு தொடாம வுட்டுட்டோம் கன்னிகா."

"தீட்டு உங்களுக்குத்தானக்கா? எனக்கு இன்னா வந்துச்சி? நா உங்க பங்காளியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா வந்து தொறந்து வெச்சிருக்க மாட்டனா?"

தேவசேனா தலையைக் குனிந்துகொண்டாள். கன்னிகா வேளாவேளைக்கு வாசல் தாண்டி உள்ளே வந்தவள். அவள் சமைத்ததைத் தின்றார்கள், அவள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்கள். அத்தனை பேர் இருந்த வீட்டில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. மகள் செத்ததற்குத் தாட்சாயணி அந்த லாரிக்காரனைச் சபித்துக்கொண்டிருந்தாள். இதற்கு யாரைச் சபிப்பது?

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உதயாவின் போனை எடுத்துப் பிச்சாட்டூருக்குப் போட்டாள்.

"சொல்லு பாப்பா," என்றார் ஆதிநாராயணன்.

"நா அம்மா பேசறங்க. நாத்து வராது. எல்லாம் பூடுச்சி."

"அய்யோ. சரி, வுடு தாயி, மொத தபா அப்படித்தான் ஆவும். பாப்பா மனசு வுட்டுடப் போவுது. போன அதுங்கிட்ட குடு, நா சொல்றேன்."

"அது இல்லீங்க. செத்துப்பூடுச்சி."

இத்தனை நாளில் அந்த வார்த்தையை அவள் ஒருத்தரிடமும் சொல்லியிருக்கவில்லை. எப்போது என்று கேட்டார் ஆதிநாராயணன். சொன்னாள்.

"அப்போ நா அன்னிக்கி போன் பண்ணப்பவே..."

"ஆமாங்க."

"வளந்துகினு கீதுன்னு சொன்னியே தாயி."

"வளந்துகினுதாங்க இருந்துச்சி," என்றாள் தாட்சாயணி. "நாங்கதான் தொறக்கல."