எனக்காக அழுதவன்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரிப் படித்துறைக்கு மேலே, அரச மரத்தடியில் தஹ்மீனா காவலுக்கு நிற்பது வழக்கம். தெரிந்த முகம் யாராவது அந்தப் பக்கம் வந்தால் இருமுவாள். கீழே படியில் அவள் தோழி எழில்மொழியும் இளம்பரிதியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். தோழிகள் இருவரும் பிளஸ் டூ. இளம்பரிதி தஞ்சாவூரில் பாலிடெக்னிக் படிப்பவன், எழிலின் ஊர்க்காரன், அவளுக்குத் தூரத்துச் சொந்தம். பள்ளிக்கூடம் விட்டுப் பஸ் வரும்வரைதான் அவர்களுக்கு நேரம்.

அன்றைக்கு அவன் வந்தவுடனேயே குரல் உயர்ந்துவிட்டது.

"ராத்திரி அவ்ளோ நேரம் போன் பிஸி. யார்கூட பேசிட்டிருந்த?"

"தஹ்மீனாகூடதான். பிசிக்ஸ்ல ஒரு கணக்கு…"

சொல்லி முடிப்பதற்குள் அறை விழுந்தது. எழிலின் கண்ணாடி தெறித்துப் படியில் விழுந்தது. தஹ்மீனா பதறிப்போய் இறங்கி ஓடினாள்.

"என்கிட்டதான் அண்ணா பேசினா! வேணும்னா என் போனைப் பாருங்க!"

"உன்னை யாரும் கேக்கல. நீ மேல போ."

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி ஏதோ சொன்னாள், மற்றவள் சிரித்தாள். பிறகு துணியைக் கும்மத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் கன்னத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வந்தாள் எழில். "விட்டுடுடி அவனை," என்றாள் தஹ்மீனா. எழில் அவளைப் பாவமாகப் பார்த்தாள், ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல.

"அப்புறம் போன் பண்ணி எப்படி அழுதான் தெரியுமா? ஆம்பளப் பிள்ளை, தேம்பித் தேம்பி அழுறான். எனக்காக இதுவரைக்கும் யாருடி அழுதிருக்கா? எங்கப்பாவும்தான் அடிக்கிறாரு. அடிச்சிட்டு சோறு திங்கப் போயிடுவாரு."

வகுப்பில் விஷயம் கசிந்தது. எல்லோரும் இளம்பரிதியைத் திட்டுவார்கள் என்று தஹ்மீனா நினைத்தாள். ஆனால் மதிய இடைவேளையில் எழிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எல்லோரும் கதை கேட்டார்கள். டாக்டருக்குப் படிக்கப்போகிற ஸ்ம்ருதி, வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள், பெருமூச்சு விட்டாள். "பொசசிவ்னா இப்படி இருக்கணும். எனக்கெல்லாம் எவன் இருக்கான்?"

வீட்டில் அம்மா ஆமினாவிடம், வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொல்லிப் பார்த்தாள். ஆமினா மீன் உரசிக்கொண்டே கேட்டாள்.

"கோவக்கார ஆம்பளைங்க மனசுல கள்ளம் இருக்காதுடி. உங்க அத்தா இல்லையா? கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள் விட்டாரு பாரு, ரெண்டு நாளு வாயைத் தொறக்க முடியல. அப்புறம் அவரே ஊட்டி விட்டாரு."

சொல்லும்போது ஆமினாவின் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு வந்தது. அத்தா அபுதாபியில் இருக்கிறார். வீடியோ காலில் "என் ராசாத்தி" என்று கூப்பிடும் அந்த முகத்தை அன்றைக்கு தஹ்மீனாவால் ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டாள்.

சம்பா நடவு முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. ஒரு திங்கட்கிழமை எழில் இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்தாள். சளி என்றாள். மதுரம் டீச்சர் பின்னாலிருந்து இரண்டு மூன்று முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. பஞ்சில் ரத்தக் கறை இருப்பதை தஹ்மீனா பார்த்துவிட்டாள். இதற்குமேல் பொறுக்க முடியாமல், பாடம் முடிந்ததும் டீச்சரிடம் போய் இளம்பரிதி அடிப்பதையெல்லாம் கொட்டிவிட்டாள்.

"நல்லவேளை சொன்னே," என்றார் டீச்சர். அவர் நல்லதுதான் நினைத்தார். எழிலின் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

வைரக்கண்ணு அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். சட்டையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றார். டீச்சர், காதைப் பற்றி, உடனே டாக்டரிடம் காட்டவேண்டியதைப் பற்றி, போலீசில் சொல்வதைப் பற்றி நிதானமாக எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மகளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை நாளாடி அவன்கூட சுத்துற?"

கேட்டுக்கொண்டே அடித்தார். டீச்சர் கையைப் பிடித்துத் தடுத்தும் நிற்கவில்லை. அந்தக் காதின் மேலேயே விழுந்தது. எழில் அழவில்லை. வாசலில் நின்ற தஹ்மீனாவை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அதோடு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. மதுரம் டீச்சர் வீடுவரை போய்ப் பார்த்தார். "எங்க வீட்டு விஷயம், நாங்க பாத்துக்கறோம்" என்று திண்ணமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தை மாதத்தில் எழிலே கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ஞாயித்துக்கிழமை தட்டு மாத்துறாங்கடி! நீ கண்டிப்பா வரணும்."

"யாரோட?"

"இதென்ன கேள்வி? பரிதியோடதான்."

ஊர் வாயில் விழுந்தாகிவிட்டது, இனி வேறு எவன் கட்டுவான் என்று பெரியவர்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். சொந்தத்துக்குள்தானே, பெண்ணுக்குப் பதினெட்டும் முடிந்துவிட்டது, பையனுக்கும் வயது வரட்டும், அதுவரை பேசி வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. காதைப் பற்றி அந்தக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

தஹ்மீனா போனாள். அறுப்பு முடிந்த வயலை ஒட்டிய வீடு, வாசலில் பந்தல். வைரக்கண்ணு இளம்பரிதியின் தோளில் கைபோட்டு யாருக்கோ அறிமுகம் செய்துகொண்டிருந்தார். அவன் தஹ்மீனாவைப் பார்த்துச் சிரித்து, "சாப்ட்டுட்டுதாம்மா போகணும்," என்றான்.

உள்ளே பட்டுப்புடவையில் எழில் தோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உன்மேல முதல்ல ரொம்பக் கோவம்டி. அப்புறம்தான் யோசிச்சேன். நீ மட்டும் சொல்லலன்னா எங்களைச் சேத்து வச்சிருப்பாங்களா? எல்லாம் உன்னாலதான். தேங்க்ஸ்டி."

தஹ்மீனா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப… அடிக்கிறது எல்லாம்?" என்று கேட்டாள்.

"அப்பாவா? இப்பல்லாம் கை வைக்கிறதே இல்ல. பரிதி சொல்லிட்டான், இனிமே அவளை அடிச்சாலும் நான்தான் அடிக்கணும்னு." எழில் வளையலைச் சரிசெய்துகொண்டே சிரித்தாள். "அப்பா அப்படியே வாயடைச்சுப் போயிட்டாரு."

தஹ்மீனா பந்தியில் உட்கார்ந்தாள். வைத்ததைச் சாப்பிட்டாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் வரும்போதே வகுப்பு குரூப்பில் போட்டோ வந்துவிட்டது. மாலையும் கழுத்துமாக இருவரும். கீழே இதயங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. 'செம ஜோடி' என்று எழுதியிருந்தாள் ஸ்ம்ருதி. கொஞ்ச நேரத்தில் எழிலிடமிருந்து தனியாக ஒரு செய்தி: 'எல்லாரும் போட்டுட்டாங்க. நீ ஏன்டி போடல?'

தஹ்மீனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பிறகு அவளும் ஒன்று போட்டாள்.