நாக்குக்கு அடியில் எண்ணெய்

என் கணவர் ஜெர்வினுக்கு ஒரு குணம். நல்லது செய்வதென்றாலும் கொல்லைப்புற வழியாகத்தான் செய்வார். கல்யாணமான புதிதில் எனக்கொரு புடவை எடுத்து வந்து, ஆபீஸ் குலுக்கலில் விழுந்தது என்று சொன்ன ஆள். நேராகச் சொன்னால் நான் ஏதாவது கேட்டுவிடுவேனாம். அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

என் மாமியார் சகாயம்மாளுக்கு, மாமனார் இறந்ததிலிருந்தே தூக்கம் கிடையாது. பட்டாபிராம் ஃபிளாட்டில் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் கை எதையாவது துடைக்கும். "தல உள்ள ரயிலு ஓடுது ஸ்வீட்லின், நிக்கவே மாட்டேங்குது" என்பார். தூக்க மாத்திரைக்குச் சம்மதிக்கவே மாட்டார். அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே கால் நிலைகொள்ளாமல் போனது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட வகுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

செப்டம்பர் திருவிழா முடிந்ததும் ஜெர்வின் மாதா படம் போட்ட ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். வேளாங்கண்ணிக்குப் போய்வந்த நண்பர் கொடுத்த மந்திரித்த எண்ணெய் என்றார். நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டு, உடனே விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமாம். மந்திரித்த எண்ணெயை நெற்றியில் பூசுவார்கள், வலிக்கிற இடத்தில் தேய்ப்பார்கள், ஒரு வாய் குடிப்பதும் உண்டு. இது என்ன புது முறை என்று கேட்டேன். "அப்படித்தான் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

அத்தை தூங்கத் தொடங்கினார். முதலில் அரைகுறையாக, பிறகு விடியும்வரை. "எண்ணெயில புல்லு வாசன வருதும்மா. மாதா கால்ல கெடந்த பூவு வாசனயா இருக்கும்" என்று சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கும் வீட்டில் மூச்சு விட முடிந்தது.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. எங்கள் தெருவில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரா வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்போம். அன்பியம் என்போம். அங்கே அத்தை எழுந்து, மாதா எனக்குத் தூக்கம் கொடுத்தாள் என்று கண்ணீரோடு சாட்சி சொல்லிவிட்டார். மந்திரித்த எண்ணெயைத் தனக்கென்று பூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. அப்படி வைத்துக்கொள்பவளை என்ன மனுஷி என்றுதான் கேட்பார்கள். எதிர் ஃபிளாட் ஞானம்மாள் ஆன்ட்டிக்கு இடுப்பு வலி. அத்தை தினமும் சாயங்காலம் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய், கை தாராளமாக, தேக்கரண்டி நிறைய ஊற்றிக் கொடுத்து வந்தார். தீரத் தீர ஜெர்வின் அடுத்த பாட்டில் கொண்டுவந்தார். அம்பத்தூர் ஆபீஸில் அவருக்கு மாலை ஷிஃப்ட். எண்ணெய் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று அவரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஞானம்மாள் ஆன்ட்டிக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. உலோக வால்வு. அதில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்பியம் எங்கள் வீட்டில். ஜெர்வினும் இருந்தார். ஆன்ட்டியின் முழங்கைக்குக் கீழே திட்டுத் திட்டாக நீலம் பாரித்திருந்தது. எங்கேயோ இடித்துக்கொண்டேன் என்றார். ஜெபமாலை பாதியில் இருக்கும்போது அவர் மூக்கிலிருந்து இரத்தம் வழிய ஆரம்பித்தது. துணியை மாற்றி மாற்றி வைத்தும் நிற்கவில்லை.

அத்தை ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். "இந்தா ஞானம், தெனிக்கும் குடிக்கிறதுதானே, இன்னும் ஒரு கரண்டி குடி. மாதா பாத்துக்குவா."

ஜெர்வின் பாய்ந்து வந்து அந்தப் பாட்டிலைப் பிடுங்கினார். "தினமும் குடிக்கிறாங்களா? எத்தினி நாளா? எவ்ளோ?"

"இன்னாடா கத்துற? ஆண்டவரு சொத்து, உங்கப்பன் சொத்தா?"

ஜெர்வின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தை எனக்குத் தெரியும். மறைத்தது வெளியே வரப்போகிறதென்றால் அப்படித்தான் ஆவார்.

காரில் ஆவடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அத்தையும் ஆன்ட்டியும். சி.டி.எச். ரோடில் வண்டிகள் நகரவே இல்லை. ஜெர்வின் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தட்டினார், கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார், மறுபடி தட்டினார். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. பின்னால் அத்தை விடாமல் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி மடியில் இருந்த துண்டு சிவந்துகொண்டே போனது.

ஆஸ்பத்திரியில் அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, வாசலிலேயே ஜெர்வினின் சட்டையைப் பிடித்தேன். "அது என்ன எண்ணெய்?"

"சிபிடி."

"அப்படின்னா?"

"கஞ்சா இலையிலேருந்து எடுக்கிறது. போதை கெடையாது ஸ்வீட்லின், சத்தியமா. ஆன்லைன்ல ஆயுர்வேத டாக்டர் சீட்டு குடுத்துதான் வாங்கினேன். அம்மா வேற எந்த மாத்திரையும் சாப்பிடறதில்ல, அதெல்லாம் பாத்துட்டுதான்... கஞ்சான்னு சொன்னா அம்மா தொடுவாங்களா? மாமா எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அத்தையின் தம்பி கஞ்சாவிலேயே கிடந்து, புத்தி பேதலித்து, அம்பத்தூர் ஏரியில் மிதந்தவர். அந்த வார்த்தையைக்கூட அத்தை வாயில் எடுக்க மாட்டார். அதற்காக மாதா படம் போட்ட பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதா? அன்பியத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு, மந்திரித்த எண்ணெய் ஒரு வீட்டோடு நிற்காது என்று தெரியாதா? அறைய வேண்டும் போல இருந்தது. அதற்கு நேரமில்லை.

உள்ளே டாக்டர் தேவிப்பிரியா ஆன்ட்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டீங்களா? நாட்டு மருந்து, லேகியம், வேற ஏதாவது?"

"ஒண்ணும் இல்லம்மா. அதே பழைய மாத்திரைதான்."

ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. மந்திரித்த எண்ணெயை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? பக்கத்தில் அத்தையும் தலையாட்டினார். ஜெர்வின் டாக்டரிடம், கொஞ்சம் வெளியே வர முடியுமா என்று மெல்லக் கேட்டார். இங்கேயும் கொல்லைப்புற வழி.

"இங்கேயே சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் உடனே நர்ஸிடம் ஏதேதோ எடுத்து வரச் சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார்.

"போதை தர்றது அந்தச் செடியில இருக்கிற வேற பொருள். சிபிடி போதை தராது, அது சரிதான். நம்ம உடம்பே இதுமாதிரி ஒண்ணைக் கொஞ்சமா உண்டாக்குது. வலி, பதட்டம், தூக்கம் எல்லாம் ஒரு நிதானத்துல இருக்க அதுவும் ஒரு காரணம். சிபிடி அந்த ஏற்பாட்டுல கை வைக்குது. அதுல சிலருக்குத் தூக்கம் வரும், சிலருக்கு வயித்தால போகும், சிலருக்கு ஒண்ணுமே ஆகாது. எல்லாருக்கும் தூக்கம் வரும்னு இன்னும் நிரூபிக்கல. ஆனா ஈரல்ல ஒரு வேலை செய்யுது. இவங்க மாத்திரையைச் சிதைச்சு வெளியேத்தணுமே, அந்த வேலையைத் தடுத்துடும். மாத்திரை உடம்புலயே சேர்ந்துகிட்டே போகும். போடறது ஒண்ணுன்னாலும், உள்ள நாலு போட்ட மாதிரி. அதான் ரத்தம் உறையவே மாட்டேங்குது. இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கும்."

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டார். கத்துவார், மாரில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மகனைப் பார்த்து மெல்லத்தான் பேசினார்.

"என் தம்பிய தூக்கினு போனத என் வாயில ஊத்துனியே. என் கையாலயே ஞானத்துக்கும் ஊத்த வெச்சியேடா."

"அது இது இல்லம்மா... அது வேற, இது வேற. நீ தூங்கணும்னுதான்மா..."

"அப்போ மாதா எனக்கு ஒண்ணுமே செய்யலியா?"

அன்றைக்கு நடந்ததிலேயே எனக்குப் பொறுக்க முடியாதது அந்தக் கேள்விதான்.

ஞானம்மாள் ஆன்ட்டி பிழைத்தார். ஊசி போட்டு, இரத்தத்திலிருந்து பிரித்த திரவம் ஏற்றி, மாத்திரை அளவைப் புதிதாகப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "அக்கா, நீ இன்னா பண்ணுவ, தெரியாம குடுத்த" என்று அவரே அத்தையின் கையைப் பிடித்தார். அத்தை கையை இழுத்துக்கொண்டார்.

அடுத்த அன்பியத்தில் அத்தை எழுந்து நின்றார். "நான் சொன்ன சாட்சி தப்பு. அது மாதா எண்ணெய் இல்ல. நான்தான் ஏமாந்துட்டேன். யாராச்சும் வாங்கினு போயிருந்தா கீழ ஊத்திடுங்க" என்றார். யார் ஏமாற்றியது என்று சொல்லவில்லை. எத்தனையோ பேர் கேட்டும் மகன் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஜெர்வின் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அத்தைக்கு மறுபடியும் ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடை. ஜெர்வின் அந்த டாக்டரிடமே போய்க் கேட்டு வந்தார். அத்தைக்கு வேறு மாத்திரை எதுவும் இல்லாததால், விருப்பப்பட்டால், ஈரலுக்கு ஒரு பரிசோதனை செய்துவிட்டு, அந்த எண்ணெயையே அளவோடு கொடுத்துப் பார்க்கலாம் என்றாராம். இந்த முறை லேபிள் ஒட்டிய பாட்டிலையே மேஜைமேல் வைத்தார். "எல்லாம் இதுல எழுதியிருக்கும்மா. ஸ்வீட்லின படிச்சுக் காட்டச் சொல்றேன். வேணாம்னா வேணாம்" என்றார். அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வாசல் வழியாக வந்தார் என்று நினைத்தேன். அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்றுக் காலையில் ஜெர்வினே சீக்கிரம் எழுந்து காபி போட்டார். அத்தைக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக. நான் டம்ளரைக் கொண்டுபோய்ப் பால்கனியில் கொடுத்தேன். வாங்கி உதடு வரைக்கும் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"இது நீ போட்டியா, அவன் போட்டானா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. இந்த வீட்டில் இனி யாராவது ஒருவர் உண்மை பேசித்தானே ஆக வேண்டும். "அவர்தான் போட்டாரு அத்தை" என்றேன்.

அவர் டம்ளரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.