எண்பதுக்கும் அறுநூறுக்கும் நடுவே

என் அக்காவின் கணவருக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. கேட்டால் அவரே சொல்வார். அத்தான் எங்கள் பட்டறைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. லிஃப்ட் கம்பெனி ஆர்டர் கிடைத்ததும் பட்டறையை மாப்பிள்ளை பெயருக்கே மாற்றிவிடப் போவதாக அப்பா அறிவித்துவிட்டார். பதினோரு வருஷமாக அங்கே அலுமினியம் தேய்க்கிற நான் பெண்ணாம், நாளைக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுவேனாம்.

கம்பெனி கேட்டது மாதிரிக்கு ஒரு தகடு. அத்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே எண்பதாம் நம்பர் உப்புத்தாளை எடுத்தார். இரும்பு கேட்டில் துரு சுரண்டுகிற முரட்டுத் தாள் அது. அலுமினியத்தில் அதைப் போட்டால் பூனை பிறாண்டியது போலத்தான் இருக்கும். பிறகாவது நூற்றெண்பது, இருநூற்றிருபது, நானூறு என்று படிப்படியாக ஏறினால் கோடு மறையும். இவருக்கு ஏது பொறுமை? நேரே மிக நைசான அறுநூறுக்குத் தாவினார். மேலே பாலிஷைத் தடவிப் பளபளவென்று நிறுத்தினார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் இன்னொரு தகட்டை நூற்றெண்பதில் தொடங்கி, சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரு தாளையும் தாண்டாமல் தேய்த்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

கம்பெனியிலிருந்து வந்த அம்மாள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அத்தானின் தகட்டில் கோடு கோடாகத் தெரிந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னுடையதை எடுத்து யார் செய்தது என்று கேட்டார்.

"எங்க மாப்பிள்ளைதாங்க," என்றார் அப்பா, கூசாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தெந்தத் தாள்ல போனீங்க?" என்று அந்த அம்மாள் அத்தானைக் கேட்டார்.

அத்தான் என்னைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். நான் அடியெடுத்துக் கொடுத்தால் ஆர்டர் கிடைக்கும், பட்டறை அவருக்குப் போகும். நான் கைகழுவப் போனேன்.

"எண்பது," என்று மென்று விழுங்கினார். "அப்புறம் அறுநூறு."

அந்த அம்மாள் தகட்டைக் கீழே வைத்துவிட்டு, உண்மையில் செய்தது யார் என்று அப்பாவிடம் கேட்டார். நானே சொல்லிவிடுவேன் என்று அப்பா காத்திருந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டே நின்றேன். ஆர்டர் போனாலும் போகட்டும், அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"என் சின்னப் பொண்ணு," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "இங்க எல்லாமே அவதாங்க செய்யறா."

பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது தான்தான் என்று அத்தான் ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா.