புது மாப்பிள்ளைக்குக் கிடைத்த பதவி

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எந்தப் புது மாப்பிள்ளை கண்ணில் பட்டாலும் சரி, அவனைப் பன்றிக் காவலனாகத் தேர்ந்தெடுத்துச் சிரிப்பது மாசசூசெட்ஸ் ஊர்களில் அந்தக் காலத்து வழக்கம். அந்த வருஷம் மாட்டியவன் ரூஃபஸ். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பொண்டாட்டிகிட்ட மல்லுக்கட்டறதுக்கு முன்னாடி பன்னிகிட்ட பழகிக்கப்பா!" என்று எவனோ கத்த, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. தலைமை வகித்த கர்னல் பெல்டிங் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ரூஃபஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிக்கிற அந்த மனுஷனுடைய பன்றிகள்தான் அவனுடைய ரை தானியப் பயிரில் பாதியைக் கிளறிப் போட்டிருந்தன. மீதிப் பாதியும் போனால் வருஷம் முழுக்க வீட்டில் ரொட்டி கிடையாது. மூக்கு வளையமும் கழுத்துக் கட்டையும் இல்லாமல் திரிகிற பன்றியைக் காவலன் பட்டியில் அடைக்கலாம், சேதத்தைச் சொந்தக்காரன் கட்டவேண்டும், சட்டம் அப்படித்தான். ஆனால் கர்னலின் பன்றியை யார் தொடுவது? போன வருஷக் காவலன் ஈனோக், கர்னலிடம் குத்தகைக்கு உழுகிறவன். பாவம், அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

பைபிள் மேல் கை வைத்து, ஆள் பார்த்து நடக்கமாட்டேன் என்று ரூஃபஸ் சத்தியம் செய்தான். கை எடுத்த மறு நொடியே வெளியே மனைவி கெசியாவின் குரல்.

"என்னங்க! மறுபடியும் கர்னல் பன்னி வந்திருச்சுங்க, நம்ம வயல்ல!"

"ஓடுய்யா, காவல்காரா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஓடினான். பனி உருகிய சேறு முழங்கால்வரை இழுத்தது. பன்றியா அது! கன்றுக்குட்டி உயரம். வளையமும் இல்லை, கட்டையும் இல்லை.

"வாலை விடுங்க, காதைப் பிடிங்க!" கெசியா ஏப்ரனை விரித்து மறித்தாள். இருவரும் விழுந்தார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். கடைசியில் உருட்டிப் புரட்டி அதைப் பட்டிக்குள் தள்ளிக் கதவை அடைத்தபோது ஊரே வேலியோரம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"டேய், திறந்து விடுடா. விளையாட்டுக்குத்தானே உன்னை வெச்சோம்?" என்றார் கர்னல்.

"சத்தியம் வாங்கினது விளையாட்டுக்கு இல்லையே, கர்னல் ஐயா."

கர்னலின் முகம் சிவந்தது. "கூட்டம் இன்னும் முடியல! இவனை இப்பவே நீக்கணும். சரிங்கிறவங்க கை தூக்குங்க!"

ரூஃபஸ் கூட்டத்தைப் பார்த்தான். பாதிப் பேர் அவருடைய நிலத்தில் உழுகிறவர்கள். கெசியா அவன் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

உயர்ந்தது ஒரே கை, கர்னலுடையது.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஈனோக் முன்னால் வந்தான். "காவலரே, என் வயல்லயும் அவரு பன்னி ரெண்டு நிக்குது. கொஞ்சம் வர்றீங்களா?"

ரூஃபஸுக்குச் சந்தோஷத்தில் 'ஓ'வென்று கத்தவேண்டும் போலிருந்தது. கத்தியேவிட்டான்.